நாற்பத்தெட்டு மாநிலங்கள்

உருத்திரமூர்த்தி மாஸ்டரின் கணக்கில் உலகத்தில் மதிக்கத்தக்க மனிதர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டு பேர் செத்துப்போய்விட்டார்கள். மூன்றாமவர் மொன்றியலின் லாசாலில், பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், சிவநேசம் என்ற மனைவியோடு குடியிருந்தார். காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்யும்போது மட்டும் மாஸ்டரின் முகத்தில் ஒரு மரியாதை தெரிவது அதனால்தான்.

மற்றவர்கள் எல்லாரும் அவருக்குக் கிள்ளுக்கீரை. காட்போட் பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு மேலே இருந்த அல்பேட் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். கோயிலில் மைக் பிடிக்கிறவர்கள் மைக் பிடிக்க மட்டும் தெரிந்தவர்கள். டிப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருந்த சொந்தக்காரன் பாலும் சிகரெட்டும் விற்கிற முட்டாள். மொன்றியல் பனியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. விழுகிறதென்றால் ஒரேயடியாக விழவேண்டும், இது என்ன சிணுங்கல் என்பார்.

இந்தத் தலைக்கனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எழுபத்து நாலிலிருந்து எண்பத்தெட்டு வரைக்கும் யாழ்ப்பாணத்தில் அரசறிவியல் என்றால் மூர்த்தி மாஸ்டர்தான். ஓலைக் கொட்டில் ரியூட்டரியில் முந்நூறு பேர் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள், இடம் கிடைக்காதவர்கள் வேலிக்கு வெளியே நின்று எழுதுவார்கள். பிரித்தானிய அரசியல் யாப்பு, பிரெஞ்சு யாப்பு, சுவிஸ் யாப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தாலும் அவருடைய பேர் சொன்னது அமெரிக்க யாப்புத்தான். அதற்கென்று அவர் எழுதிய நோட்ஸ் முப்பத்தாறு பக்கம். முதலில் ரோணியோப் பிரதியாக வந்தது, பிறகு அச்சில் வந்தது. வருஷா வருஷம் அட்டையின் நிறம் மாறும். உள்ளே ஓர் எழுத்தும் மாறாது. முன்னட்டையில் மீசையோடு அவருடைய படம், அதற்குக் கீழே 'இதை மனனம் செய்தவர் தோற்றதில்லை' என்று ஒரு வரி.

அந்த நோட்ஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கொழும்பில் நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டையில்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் காட்டியிருக்க வேண்டியிருக்கும். எந்த ஆண்டு அச்சான புத்தகம் என்று சொல்லும் பக்கம் அட்டையோடு சேர்ந்து போயிருந்தது. மாஸ்டர் அதைத் தமிழாக்கி, நடுவில் ஒரு மாட்டையும் கட்டிவிட்டார். அமெரிக்க சனாதிபதி மூன்று கயிறு பூட்டிய நாம்பன்: ஒரு கயிறு காங்கிரசின் கையில், ஒரு கயிறு நீதிமன்றத்தின் கையில், மூன்றாவது கயிறு வாக்காளன் கையில். இந்த மாடுதான் மாஸ்டரின் சொந்தச் சரக்கு. மற்றதெல்லாம் நடைபாதை.

கேள்வி கேட்பது அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை ஜெகதீஸ்வரி என்றொரு பெட்டை வகுப்புக்கு அட்லஸ் கொண்டுவந்து, எதையோ காட்டிச் சந்தேகம் கேட்டாள். "அட்லஸ் புவியியலுக்கு. வெளியில போய் நிண்டு பார்" என்று வெயிலில் நிறுத்திவிட்டார். கொட்டிலே சிரித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்படிப்பட்டவர் மொன்றியலுக்கு வந்து ஆறு வருஷமாகப் பெட்டி மடித்தார். தொண்ணூற்றைந்து கோடையில்தான் ஒரு கதவு திறந்தது. பார்க்-எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், வகுப்பில் கூட இருந்து உதவத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார்கள். மாஸ்டரின் பட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆனால் கனடாக் கல்லூரி ஒன்றில் ஒரே ஒரு பாடமாவது சித்தியடைந்த தாள் வேண்டும், தை மாதத்துக்குள் கொண்டுவாருங்கள் என்றார்கள். திரும்பவும் ஒரு வகுப்பறை, திரும்பவும் கரும்பலகை, திரும்பவும் 'சேர்' என்று கூப்பிடப் பிள்ளைகள். மாஸ்டருக்கு அன்றைக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி தேவைப்பட்டது.

நகரத்து நடுவில் இருந்த கல்லூரி ஒன்றின் பாடப் பட்டியலை விரித்தார். கண்ணில் பட்டது: 'அமெரிக்க அரசாங்கம்: ஓர் அறிமுகம்.' சனிக்கிழமை காலை பத்து மணி. மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன சிரிக்கிறியள்?" என்று சிவநேசம் கேட்டாள்.

"எனக்கு அறிமுகமாம்!"

"அப்ப படிக்கப் போறியளோ, படிப்பிக்கப் போறியளோ?"

"ரெண்டும் நடக்கும் பார்" என்றார் மாஸ்டர்.

முதல் சனிக்கிழமையே அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். படிப்பிக்க வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஜீன்ஸ் போட்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் நிற்காமல் மேசைமேலேயே ஏறி உட்கார்ந்தாள். "என்னைக் கத்தரின் என்றே கூப்பிடுங்கள்" என்றாள். மாஸ்டர் அன்றிலிருந்து அவளை எந்தப் பேரிலும் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தார். இரண்டு மணி நேரத்தில் அவள் பலகையில் எழுதியது நாலு சொல். ஒரு குறிப்புச் சொல்லவில்லை, ஒரு வரைவிலக்கணம் தரவில்லை. வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"எனக்கு என்ன தோன்றினா வாஷிங்டனுக்கு என்ன?" என்று வீட்டில் வந்து சீறினார். "உவளுக்குத் தெரியேல்லை. அதுதான் எங்களிட்டைக் கேக்கிறாள்."

அந்த வருஷம் கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா விடுவதா என்ற வாக்கெடுப்பு வேறு. மின்கம்பத்துக்கு மின்கம்பம் 'ஓம்' என்று ஒரு தட்டி, 'இல்லை' என்று ஒரு தட்டி. வகுப்பில் இளசுகள் அமெரிக்க உள்நாட்டுப் போரையும் மொன்றியலையும் சேர்த்துக் குழப்பி அடித்தார்கள், கத்தரின் அதைக் கன்னத்தில் கைவைத்து ரசித்தாள். மாஸ்டர் முதல் வரிசை வாங்கில் கைகட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கொப்பி திறக்கவில்லை. எல்லாரும் வாங்கின தடித்த நீலப் பாடப்புத்தகத்தையும் வாங்கவில்லை. தான் எழுதினதற்கு மேலே அதில் என்ன இருந்துவிடப் போகிறது? கத்தரின் பேசின பாதி அவர் காதில் ஏறவில்லை. ஏறிய மீதியை அவர் மதிக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை இடைவேளையில்தான் அந்தச் சங்கடம் வந்தது. கடைசி வாங்கிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் கோப்பையில் கோப்பி, கண்ணில் நித்திரை.

"சேர், என்னைத் தெரியுதோ? தாட்சாயினி. எண்பத்தாறில சோதினை எடுத்த பட்ச். மூண்டாம் வாங்கு."

மாஸ்டருக்கு அவளைத் தெரியவில்லை, முந்நூறு முகத்தில் எந்த முகத்தைத் தெரியும்? ஆனால் அவளுக்கு அவரைத் தெரிந்திருந்தது. மூர்த்தி மாஸ்டர், ஜீன்ஸ் போட்ட பெட்டைக்கு முன்னால் மாணவனாகக் குந்தியிருக்கிறார் என்று தமிழ்ச் சனம் குடியிருக்கும் செயின்ட்-மிஷேல் முழுக்கப் பரவப்போகிறது. அந்த வெட்கத்தில் அவருக்கு ஆத்திரம்தான் வந்தது.

"நீர் ஆளை மாறிப்போட்டீர்."

"இல்லை சேர், உங்கட குரல்…"

"இஞ்ச சேர் எண்டு கூப்பிடக் கூடாது."

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது சேர்? அண்ணை எண்டு கூப்பிடட்டோ?"

"அண்ணையோ!" மாஸ்டரின் மீசை துடித்தது. டிப்பனர்க்காரனையும் பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவனையும் கூப்பிடுகிற அண்ணை!

தாட்சாயினி பயந்துபோனாள். "சரி சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் கார்தரியில், அதுதான் சின்னப்பிள்ளைகள் காப்பகத்தில், உதவியாளாக இருந்தாள். இப்படி எட்டுப் பாடம் முடித்தால் முழு ஆசிரியையாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள், இது முதலாவது. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் மாஸ்டருடைய காரணம்தான். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பாடம் அது. மாஸ்டரின் நோட்ஸ் ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் அவள் நாக்கில் அப்படியே இருந்தது.

அன்றைக்கே கத்தரின் ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். "நீங்கள் இருவரும் ஒரே ஊர்தானே, தெரிந்தவர்களா?" என்று கேட்டாள். மாஸ்டர், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "தெரியாது" என்றார். தாட்சாயினி தலையைக் குனிந்துகொண்டாள்.

கார்த்திகை மாதம் பரீட்சை வந்தது. பாதி மதிப்பெண் இதற்குத்தான். கேள்வி: 'அமெரிக்காவில் அதிகாரம் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது? கட்டுப்படுத்தப்படுகிறது?' மாஸ்டர் கேள்வியைப் பார்த்துப் புன்னகைத்தார். இருபது வருஷமாக அவருக்காகக் காத்திருந்த கேள்வி. பதினொரு பக்கம் நிறுத்தாமல் எழுதினார். ஏழு தலைப்பு, ஏழின் கீழும் மும்மூன்று காரணம், நடுவில் நாம்பன் ஆங்கிலத்தில் கம்பீரமாகக் கட்டப்பட்டது. நேரம் முடிய அரை மணி முன்னமே எழும்பித் தாளைக் கத்தரினின் மடியில் வைக்காத குறையாக வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த கிழமை மற்றவர்களுக்குத் தாள் திரும்பி வந்தது. மாஸ்டருக்கு ஒரு துண்டுக் கடிதம் வந்தது: 'புதன்கிழமை நாலு மணிக்கு என் அறைக்கு வாருங்கள்.'

"விளங்குதோ?" என்று சிவநேசத்திடம் காட்டினார். "என்னட்டை ஒரு விரிவுரை செய்யச் சொல்லிக் கேக்கப் போறாள். பாவம், அவளுக்கும் வழி தெரிய வேணுமே."

"வேற ஏதும் இருக்கும்" என்றாள் சிவநேசம்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கழுத்துப்பட்டியை இஸ்திரி போட்டு மினுக்கச் சொன்னார். அல்பேட்டிடம் அரை நாள் லீவு கேட்டு, ஏன் என்று கேட்டவனிடம் "பல்கலைக்கழக விஷயம்" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்தியது அவருடைய சொந்தப் பொறுப்பு.

அறைக்குள் போனால் தாட்சாயினி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மேசையில் இரண்டு விடைத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில். கத்தரின் இன்றைக்கு மேசைமேல் ஏறவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து இருந்தாள்.

"இரண்டு தாளிலும் ஏழு தலைப்பு, ஒரே ஒழுங்கில்" என்றாள். "இரண்டிலும் மூன்று கயிறு கட்டிய ஒரு மாடு. இந்த மாட்டை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. இரண்டிலும் ஒரே பிழை. நீங்களோ ஒருவரையொருவர் தெரியாது என்று சொன்னவர்கள். பார்த்து எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் பூச்சியம், பாடமும் அவ்வளவுதான். எனக்கு விளக்கம் சொல்லுங்கள்."

பூச்சியம் என்றால் தாள் இல்லை. தாள் இல்லையென்றால் பள்ளி இல்லை, சாகும்வரைக்கும் பெட்டிதான். இரண்டு வசனத்தில் தீர்க்கிற விஷயம்: இது என் நோட்ஸ், இவள் என் மாணவி. ஆனால் அதைச் சொல்ல, முன்பு சொன்னது பொய் என்று இந்தச் சின்னப்பெட்டையின் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். மூர்த்தி மாஸ்டர் ஒப்புக்கொள்வதா?

"நான் எழுதியது என்னுடைய அறிவு" என்றார் ஆங்கிலத்தில். "இவர் எங்கே பார்த்து எழுதினார் என்று இவரைத்தான் கேட்க வேண்டும்."

சொன்னது இவ்வளவுதான். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் பேச முடியாது, அது அவருக்கும் அந்தக் கணமே தெரிந்தது. தாட்சாயினி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கோபிக்கவில்லை, அழவுமில்லை. பையைத் திறந்து மஞ்சள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். செயின்ட்-மிஷேலில் மச்சாள் வீட்டில் எடுத்த போட்டோக் கொப்பி. அட்டையில் மீசையோடு மாஸ்டர்.

"இது இவர் எழுதினது" என்றாள் கத்தரினிடம். "ஊரில் நாங்கள் எல்லோரும் இதைப் பாடமாக்கினோம். மாடு பதினெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. இவர் பார்த்து எழுதவில்லை. நானும் பார்த்து எழுதவில்லை."

கத்தரின் படத்தைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். மீசை நரைத்திருந்ததே தவிர ஆள் அதே ஆள். அவள் முகம் இளகியது. "பிறகு ஏன் தெரியாது என்றீர்கள்?" என்று கேட்டாள். மாஸ்டர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"சரி, திருட்டு இல்லை" என்றாள் கத்தரின். "இரண்டு பேருக்கும் எழுபத்தொன்று போடுகிறேன். அதில் அந்தப் பிழைக்கென்று குறைத்தது இரண்டு."

எழுபத்தொன்று! அறுபதே போதும். பள்ளி வேலை கைக்கு வந்த மாதிரித்தான். உயிர் திரும்பி வந்ததும் மாஸ்டருக்குப் பழைய திமிரும் கூடவே வந்தது. "என்ன பிழை?" என்று கேட்டார்.

"நாற்பத்தெட்டு மாநிலம், தொண்ணூற்றாறு செனற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது மாநிலம். நூறு செனற்றர்."

"நாற்பத்தெட்டு" என்றார் மாஸ்டர், முந்நூறு பேருக்குச் சொல்கிற குரலில். "அது என் பாடம். பதினாலு வருஷம் படிப்பித்திருக்கிறேன்."

கத்தரின் வாதிடவில்லை. அன்றைக்கு 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது' என்றும் கேட்கவில்லை. பேனாக் குவளையில் குத்தி வைத்திருந்த சின்ன அமெரிக்கக் கொடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மாநிலம். எண்ணிப் பாருங்கள்."

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணினார். ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து என்று ஒன்பது வரிசை. ஐம்பது வந்தது. திரும்ப, விரலை வைத்து எண்ணினார். பக்கத்தில் தாட்சாயினியும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஐம்பத்தொன்பதில் அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தன" என்றாள் கத்தரின். "உங்கள் நோட்ஸ் அதற்கு முந்திய புத்தகம் ஒன்றிலிருந்து வந்திருக்கும்."

அட்டை கிழிந்த அந்தப் புத்தகம் மாஸ்டரின் கண்முன் வந்து நின்றது. கொடியைக் குவளையில் திரும்பக் குத்தினார். அது நேராக நிற்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் இரண்டு பேரும் மின்தூக்கிக்குக் காத்து நின்றார்கள். பேசாமல் நிற்க மாஸ்டரால் முடியவில்லை.

"அது அச்சுப்பிழை" என்றார்.

தாட்சாயினி கையிலிருந்த நோட்ஸைப் புரட்டினாள். "பன்ரெண்டாம் பக்கத்தில நாப்பத்தெட்டு. பதின்மூண்டில தொண்ணூத்தாறு. முப்பத்தோராம் பக்கத்திலயும் தொண்ணூத்தாறு." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிற குரல். "அண்டைக்கு ஜெகதீஸ்வரி அட்லஸில காட்டினது இதைத்தானே? ஐம்பது எண்டு கிடக்குது எண்டாள். நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள். எங்கட வாங்கில யூனிவேர்சிற்றிக் கம்பசுக்குப் போனது அவள் ஒருத்திதான்."

"சோதினையில உதெல்லாம் கேக்க மாட்டாங்கள்" என்றார் மாஸ்டர்.

"கேட்டவங்கள். எண்பத்தாறில சின்னக் கேள்வி. 'செனற் சபையில் உறுப்பினர் எத்தனை பேர்?' ரெண்டு மாக்ஸ். நான் தொண்ணூத்தாறு எண்டு எழுதினனான். வடிவா ஞாபகம் இருக்கு, அந்தக் கேள்வியைக் கண்டிட்டுச் சந்தோஷப்பட்டனான்." அவள் நோட்ஸை மூடினாள். "எனக்குக் கம்பசுக்குக் குறைஞ்சதும் ரெண்டு மாக்ஸ்தான்."

மின்தூக்கி வந்து, கதவு திறந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. ஒன்பது வருஷமாக அந்த இரண்டு மாக்ஸ் எங்கே போனது என்று தெரியாமல், தன்னைத்தான் மொக்கு என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் இந்தப் பிள்ளை. மாஸ்டரோ தோற்றவர்களை எல்லாம் மண்டையில் ஒன்றுமில்லாதவர்கள் என்று ஏசிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"பிள்ளை…" என்று தொடங்கினார்.

தாட்சாயினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் படியால போறன், மெட்ரோவைப் பிடிக்க வேணும். மகள் பாத்துக்கொண்டு இருப்பாள்." மஞ்சள் நோட்ஸை அவர் கையில் கொடுத்தாள். "இது எனக்கு இனித் தேவைப்படாது. சனம் இன்னும் கொப்பி எடுக்குது, திருத்திக் குடுங்கோ. வாறன் அண்ணை."

அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து 'சேர்' என்று மாற்றிச் சொல்வாளாக்கும் என்று மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.